நியூக்ளியஸின் கரை தெரிகிறதா?

இந்த முறை முழுக்கச் செல் பிரிதல்தான். செய்முறைத் தேர்வு நெருங்குவது, வந்திருக்கும் கேள்விகளின் படபடப்பிலேயே தெரிகிறது. மாணவர்களோடு ஒரு விவசாயியும் சில பெற்றோரும் கூட எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: ஸ்லைடைக் காட்டி ‘இது என்ன நிலை?’ என்று கேட்டாலே கை நடுங்குகிறது. ஒரே பார்வையில் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? (பிளஸ் ஒன் மாணவி, தென்காசி)

பதில்: ஒரே பார்வை எதற்கு? மூன்று கேள்விகள் போதும். முதல் கேள்வி, நியூக்ளியஸின் கரை தெரிகிறதா? தெரிந்தால் உள்ளே பாருங்கள். சாயம் ஓரளவு சீராகப் பரவி, நியூக்ளியோலஸ் வட்டமாகத் தனித்துத் தெரிந்தால் அது இன்டர்ஃபேஸ். உள்ளே இழை இழையாகப் பிரித்துப் பார்க்க முடிந்தால் புரோஃபேஸ்.

கரையே இல்லையென்றால் இரண்டாவது கேள்வி: குரோமோசோம்கள் ஒரே கூட்டமா, இரண்டு கூட்டமா? ஒரே கூட்டமாகச் செல்லின் நடுவே அணிவகுத்து நின்றால் மெட்டாஃபேஸ். ஒரே கூட்டம்தான், ஆனால் வரிசைக்கு வராமல் கலைந்து கிடக்கிறது என்றால் புரோமெட்டாஃபேஸ். உங்கள் பாடத்தில் அதைப் புரோஃபேஸின் கடைசிக் கட்டமாகச் சேர்த்திருந்தால் அப்படியே எழுதுங்கள், தவறில்லை.

இரண்டு கூட்டம் என்றால் மூன்றாவது கேள்வி: குரோமோசோம்களின் கைகள் இன்னும் தனித்தனியாகத் தெரிகின்றனவா? தெரிந்தால் அனாஃபேஸ். இரு முனைகளிலும் போய்ச் சேர்ந்து, குழைந்து, கட்டியாகத் தெரிந்தால் டீலோஃபேஸ்.

படத்தை மனப்பாடம் செய்தவர்கள் ஸ்லைடிலும் படத்தைத்தான் தேடுவார்கள். நீங்கள் குரோமோசோமைத் தேடுங்கள்.

கேள்வி: புரோஃபேஸுக்கும் டீலோஃபேஸுக்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. இரண்டிலும் உருண்டைக்குள் நூல் கிடக்கிறது. (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: நீங்கள் குழம்புவதில் நியாயம் இருக்கிறது. ஒன்றில் நூல் இறுகிக்கொண்டிருக்கிறது, மற்றதில் தளர்ந்துகொண்டிருக்கிறது. பாதி வழியில் பிடித்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் புரோஃபேஸ் நியூக்ளியஸ் தனி ஆள். டீலோஃபேஸ் எப்போதும் ஜோடி. புரோஃபேஸில் நியூக்ளியஸ் பெரிதாக, உருண்டையாக, செல்லின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். டீலோஃபேஸ் நியூக்ளியஸ்கள் இரண்டும் சிறியவை, சற்றுத் தட்டையானவை, ஒன்றுக்கொன்று முகம் பார்த்து நிற்பவை. நடுவே மெல்லிய கோடு ஒன்று குறுக்கே ஓடினால் அது செல் தட்டு. அதற்குமேல் சந்தேகமே வேண்டாம்.

இந்த இடத்தில் பலர் உருப்பெருக்கத்தைக் கூட்டுகிறார்கள். கூட்டக் கூட்ட ஜோடி பார்வையிலிருந்து வெளியே போய்விடும். கூட்டாதீர்கள். ஸ்லைடைக் கொஞ்சம் நகர்த்தி அக்கம்பக்கம் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஸ்லைடில் பெரும்பாலான செல்கள் சும்மாவே இருக்கின்றன. வெங்காயம் சரியில்லையா? (பிளஸ் ஒன் மாணவர், தர்மபுரி)

பதில்: வெங்காயம் நன்றாகவே இருக்கிறது. ‘சும்மா’ என்ற சொல்தான் சரியில்லை. இன்டர்ஃபேஸில்தான் செல் வளர்கிறது, புரதங்களைச் செய்கிறது, டி.என்.ஏ. முழுவதையும் ஒருமுறை நகலெடுத்து இரட்டிப்பாக்குகிறது. இவ்வளவு பெரிய வேலை நடந்தும் உங்கள் கண்ணுக்கு எதுவும் தெரியாததற்குக் காரணம், அப்போது குரோமோசோம்கள் மிக மெல்லிய இழைகளாக அவிழ்ந்து பரவியிருப்பதே.

இந்த ரகசியத்தை உடைத்தவர்கள் ஆல்மா ஹோவர்ட், ஸ்டீபன் பெல்க் என்ற இருவர். 1953-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், ஒரு வகை அவரைச் செடியின் வேர்களுக்குக் கதிரியக்க பாஸ்பரஸைக் கொடுத்து, எந்தெந்த செல்கள் அதை டி.என்.ஏ.வில் சேர்த்துக்கொள்கின்றன என்று பார்த்தார்கள். நகலெடுப்பு இன்டர்ஃபேஸின் நடுப்பகுதியில் மட்டும் நடப்பதும், அதற்கு முன்னும் பின்னும் இடைவெளி இருப்பதும் தெரிந்தது. நீங்கள் படிக்கும் ஜி1, எஸ், ஜி2 அங்கிருந்து வந்தவைதான். சாதாரண நுண்ணோக்கியில் இந்த மூன்றையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. யாராவது அப்படிக் கேள்வி கேட்டால் அது தவறான கேள்வி.

இன்னொன்றும் செய்து பாருங்கள். ஒரு 200 செல்களை எண்ணி, எந்த நிலையில் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். அதிகம் அகப்படும் நிலை அதிக நேரம் நீடிக்கும் நிலை. அரிதாக அகப்படுவது சட்டென்று முடிந்துபோவது. வளர்ப்பு ஊடகத்தில் மனித செல் ஒன்று சுமார் 24 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது என்றால், அதில் பிரிதலுக்குச் செலவாவது ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். கடிகாரமே இல்லாமல் செத்த செல்களை எண்ணி நேரத்தைக் கணக்கிடலாம் என்பது இந்தப் பாடத்திலேயே எனக்கு மிகப் பிடித்த விஷயம்.

கேள்வி: ஸ்லைடில் இருப்பவை எல்லாம் செத்த செல்கள். அப்படியிருக்க, எது முன், எது பின் என்று முதலில் எப்படித் தெரிந்தது? (பி.எஸ்ஸி. மாணவி, மதுரை)

பதில்: அருமையான கேள்வி. கலைந்துபோன கல்யாண ஆல்பம் ஒன்றை உங்கள் கையில் கொடுத்து, வரிசைப்படுத்தச் சொன்னால் என்ன செய்வீர்கள்? தாலி இருக்கிறதா, மாலை மாறியாகிவிட்டதா என்று பார்த்து அடுக்குவீர்கள். ஜெர்மனியின் கீல் நகரில் வால்தர் ஃபிளெமிங் செய்ததும் அதுதான். சாலமாண்டர் என்ற நீர்நில வாழ்வியின் குஞ்சுகளை அவர் தேர்ந்தெடுத்தார். அவற்றின் செல்களும் பெரியவை, உள்ளே இருக்கும் இழைகளும் தடித்தவை. புதிதாகச் சந்தைக்கு வந்திருந்த செயற்கைச் சாயங்களை ஏற்றி, நூற்றுக்கணக்கான செல்களை வரைந்து, இடைப்பட்ட வடிவங்களைத் தேடித் தேடி வரிசையை நிறுவினார். அதோடு நிற்காமல், ஒளி ஊடுருவும் குஞ்சுகளின் உயிருள்ள செல்களிலும் பார்த்து உறுதிசெய்துகொண்டார். 1882-இல் வந்த அவருடைய புத்தகத்தின் படங்களை இன்றும் வகுப்பில் காட்டலாம், அவ்வளவு துல்லியம். அந்தப் புத்தகம் வந்தபோது ‘குரோமோசோம்’ என்ற பெயரே கிடையாது. வால்டையர் அதைச் சூட்டியது 1888-இல். பெயர் இல்லாத பொருளை இவ்வளவு சரியாக ஒருவர் வரைந்திருக்கிறார் என்றால், அவர் பார்த்ததை மட்டுமே வரைந்திருக்கிறார் என்று பொருள்.

கேள்வி: மெட்டாஃபேஸ் என்றால் நடுவில் ஒரு கோடு என்று படித்தேன். என் ஸ்லைடில் குரோமோசோம்கள் வட்டமாக நிற்கின்றன. இது என்ன புது நிலை? (பிளஸ் ஒன் மாணவி, நாகர்கோவில்)

பதில்: புது நிலை இல்லை, புதுக் கோணம். மெட்டாஃபேஸில் குரோமோசோம்கள் நிற்பது கோட்டில் அல்ல, ஒரு தளத்தில். பக்கவாட்டில் பார்த்தால் அந்தத் தளம் கோடாகத் தெரியும். முனையிலிருந்து பார்த்தால் கைகள் வெளிப்புறம் நீட்டிய வட்டமாகத் தெரியும். செல் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்ததோ அந்தக் காட்சிதான் உங்களுக்குக் கிடைக்கும். சொல்லப்போனால் உங்களுக்குக் கிடைத்ததுதான் அதிர்ஷ்டம். குரோமோசோம்களை எண்ண இந்தக் காட்சியே வசதி. வெங்காயத்துக்கு 16 வரவேண்டும், எண்ணிப் பாருங்கள். புரோமெட்டாஃபேஸோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழி: முனைப் பார்வை மெட்டாஃபேஸில் எல்லாம் ஏறத்தாழ ஒரே ஃபோகஸில் கூர்மையாகத் தெரியும்.

கேள்வி: வேர் நுனிதான் வேண்டுமா? எங்கள் பள்ளியில் நசுக்கும்போதெல்லாம் கூழாகிவிடுகிறது, அல்லது ஒரே மொத்தையாக நிற்கிறது. (உயிரியல் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்)

பதில்: வேர் நுனிதான் வேண்டும். பிரியும் செல்கள் குவிந்து கிடக்கும் இடம் அது. உங்களுடைய இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் அமிலக் கட்டம்.

வெங்காயத்தின் அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி டம்ளரின் மேல் வையுங்கள். பழைய காய்ந்த வேரைச் சுரண்டிவிட்டால் புது வேர் சீக்கிரம் வரும். இரண்டு மூன்று நாளில் வேர் ஓரிரு சென்டிமீட்டர் நீண்டதும், காலையில் நுனிகளை வெட்டி, மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த கலவையில் ஒரு நாள் போடுங்கள். செல்கள் எந்த நிலையில் இருந்தனவோ அப்படியே நின்றுவிடும். பிறகு 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றினால் வசதிப்பட்ட நாளில் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஒரு நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 60 டிகிரி, சில நிமிடங்கள். செல்களைச் சேர்த்து ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் பசையை அது தளர்த்துகிறது. நேரம் குறைந்தால் செல்கள் பிரியாமல் மொத்தையாக நிற்கும், கூடினால் கூழாகும். வேர் மெத்தென்று ஆகி, ஊசியால் தொட்டால் நசுங்க ஆரம்பிக்கும் தருணத்தில் எடுத்துவிடுங்கள். நிமிடக் கணக்கைவிட இந்தத் தொடுகை நம்பகமானது. பிறகு தண்ணீரில் அலசி அசிட்டோகார்மைனில் போட்டால், நுனியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் மற்ற பகுதியைவிட அடர்ந்து சிவக்கும். அதை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு மீதியைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். பெரும்பாலான வகுப்புகளில் ஸ்லைடு கெடுவது, இந்த மீதியையும் சேர்த்து நசுக்குவதால்தான். சாயத் துளியில் வேரைக் கொத்தும்போது இரும்பு ஊசியால் கொத்துங்கள். துளி இரும்பு சேர்ந்தால் கார்மைனின் நிறம் இன்னும் அடர்த்தியாகும்.

கவர் ஸ்லிப்பை வைத்து, மேலே வடிதாளை மடித்துப் போட்டு, கட்டைவிரலால் நேர் செங்குத்தாக அழுத்துங்கள். பக்கவாட்டில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் செல்கள் உருண்டு சுருண்டுவிடும். அமிலமும் ஸ்பிரிட் விளக்கும் இருக்கும் மேசையில் ஆசிரியர் உடன் நிற்கவேண்டும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இதைப் படித்துவிட்டு வீட்டில் முயற்சிசெய்ய நினைக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

கேள்வி: கன்னத்தின் உட்புறத்தைக் குச்சியால் வருடி ஸ்லைடு போட்டேன். ஒரு செல்கூடப் பிரியவில்லையே! (ஒன்பதாம் வகுப்பு மாணவர், கரூர்)

பதில்: பிரியாது. உங்கள் குச்சியில் வந்தவை மேல் அடுக்கில் இருந்து உதிரத் தயாராக இருந்த முதிர்ந்த செல்கள். பிரியும் செல்கள் அதற்குக் கீழே, அடி அடுக்கில் இருக்கின்றன. நியூக்ளியஸைப் பார்க்கக் கன்னம், பிரிதலைப் பார்க்க வெங்காயம்.

கேள்வி: அனாஃபேஸில் குரோமோசோம் 16-ஆ, 32-ஆ? வகுப்பில் இரண்டு கட்சியாகிவிட்டோம். (பிளஸ் ஒன் மாணவர்கள், ஈரோடு)

பதில்: 32 கட்சிக்கு வெற்றி. சென்ட்ரோமியரை எண்ணுவதுதான் விதி. மெட்டாஃபேஸில் இரண்டு குரோமாட்டிட்கள் ஒரே சென்ட்ரோமியரில் கோத்து நிற்கும், எனவே 16. அனாஃபேஸ் தொடங்கியதும் ஒவ்வொரு குரோமாட்டிட்டும் தனிக் குரோமோசோம். எனவே முனைக்கு 16 வீதம் செல்லுக்கு 32. ஆனால் டி.என்.ஏ.வின் அளவு இம்மியும் கூடவில்லை. அது ஏற்கெனவே இன்டர்ஃபேஸில் கூடிவிட்டது.

எண்ணும்போதே வடிவத்தையும் கவனியுங்கள். சென்ட்ரோமியர் முன்னே போக, கைகள் பின்னால் இழுபடுகின்றன. சென்ட்ரோமியர் நடுவில் இருந்தால் ஆங்கில ‘வி’ வடிவம், ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் ‘ஜே’ வடிவம். கூட்டம் எந்தத் திசையில் போகிறது என்பதை அந்த வளைவே சொல்லிவிடும்.

கேள்வி: அனாஃபேஸில் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே ஒரு சிவப்பு இழை நீண்டிருந்தது. கதிர்கோல் இழையைப் பார்த்துவிட்டேன் என்று நண்பர்களிடம் சொன்னேன். சரிதானே? (பி.எஸ்ஸி. மாணவர், தஞ்சாவூர்)

பதில்: நீங்கள் பார்த்தது அதைவிட அரிதானது. அசிட்டோகார்மைன் கதிர்கோல் இழைகளுக்குச் சாயம் ஏற்றாது. இந்த ஸ்லைடில் அவை தெரியவே தெரியாது. கதிர்கோல் என்பது உண்மையிலேயே இருக்கிறதா, செல்லைக் கொன்று பதப்படுத்துவதால் உண்டாகும் மாயத்தோற்றமா என்றுகூட ஒரு காலத்தில் சந்தேகப்பட்டார்கள். 1950-களில் ஷின்யா இனோவே முனைவாக்க ஒளி நுண்ணோக்கியில் உயிருள்ள செல்களிலேயே அதைக் காட்டி அந்த வாதத்தை முடித்தார்.

உங்களுக்குத் தெரிந்தது குரோமோசோம் பாலம். உடைந்த குரோமோசோம்கள் தவறாக ஒட்டிக்கொண்டு, ஒன்றிலேயே இரண்டு சென்ட்ரோமியர்கள் அமைந்துவிட்டால், இரண்டு முனைகளும் அதை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். சோளச் செடியில் இந்தப் பாலங்கள் அறுந்து மறுபடி ஒட்டுவதைப் பின்தொடர்ந்தவர் பார்பரா மெக்ளின்டாக். அந்தத் தேடலின் தொடர்ச்சியாகத்தான் இடம்மாறும் மரபணுக் கூறுகளைக் கண்டார். 1983-இல் நோபல் பரிசும் பெற்றார். ஒரு தண்ணீர் மாதிரி நச்சுத்தன்மை உள்ளதா என்று சோதிக்க அதில் வெங்காய வேரை வளர்த்து இத்தகைய பாலங்களை எண்ணும் முறை இன்றும் இருக்கிறது. அந்த ஸ்லைடைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் செங்காந்தள் பயிரிடுகிறோம். விதையை மருந்துக்கு வாங்கிப் போகிறார்கள். அதற்கும் செல் பிரிதலுக்கும் சம்பந்தம் உண்டு என்று என் மகள் சொல்கிறாள், உண்மையா? (விவசாயி, மூலனூர்)

பதில்: மகள் சொன்னது முழு உண்மை. உங்கள் விதையில் இருக்கும் கால்சிசின், கதிர்கோல் இழைகள் உருவாகவே விடாது. அந்த இழைகளைக் கட்ட உதவும் டியூபுலின் என்ற புரதத்தை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. குரோமோசோம்கள் இறுகித் தயாராகிவிடும், ஆனால் இழுத்துச் செல்ல ஆள் இருக்காது. ஸ்லைடில் அந்தச் செல் தனித்துத் தெரியும்: வரிசை இல்லை, கூட்டம் பிரியவில்லை, ஒவ்வொரு குரோமோசோமும் பெருக்கல் குறி வடிவில் சிதறிக் கிடக்கும்.

இதை வெங்காய வேரில் விரிவாக ஆராய்ந்து 1938-இல் எழுதியவர் சுவீடனின் ஆல்பர்ட் லெவான். அதே லெவான், ஜோ ஹின் ஜியோ என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 1956-இல் வெளியிட்ட கட்டுரையில்தான் மனிதனின் குரோமோசோம் எண்ணிக்கை 46 என்று உறுதியானது. அதுவரை 48 என்றே பாடநூல்கள் சொல்லிவந்தன. மனித செல்களைக் கால்சிசினால் நிறுத்திவைத்ததும் அவர்களுக்குக் கைகொடுத்த உத்திகளில் ஒன்று. உலகின் வேறு இடங்களில் கால்சிசினுக்கு இலையுதிர்காலக் குரோக்கஸ் பூண்டை நம்பியிருந்தார்கள். நம் ஊரில் அது மாநில மலரிலேயே இருக்கிறது.

கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு என்பது உங்களுக்குத் தெரியும். வேலைக்கு வருபவர்களுக்கும் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரிந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குரோமோசோம் ஆய்வில் நம் பக்கத்துப் பெயர் ஒன்று சொல்லுங்கள். (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் ஊரிலேயே பணியாற்றியவர். ஜானகி அம்மாள். 1897-இல் தலச்சேரியில் பிறந்தவர், சென்னையில் ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். பிறகு இங்கிலாந்தில் சி.டி. டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து 1945-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளுக்குக் கால்சிசின் கொடுத்து, குரோமோசோம் இரட்டித்த செடிகளை உண்டாக்கினார்; ஒரு வகைக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். அந்த எண்கள் எல்லாம் கணினி இல்லாத காலத்தில், நசுக்கிய வேர் நுனிகளையும் மகரந்த செல்களையும் கண்ணால் எண்ணிக் கண்டவை. நம் பாடநூல்களில் அவருக்கு இன்னும் பெரிய இடம் தரவேண்டும்.

கேள்வி: மியாசிஸில் இரண்டு மெட்டாஃபேஸ் வருகிறது. மைட்டாசிஸையும் சேர்த்தால் மூன்று. ஸ்லைடைப் பார்த்து எப்படிப் பிரிப்பது? (எம்.எஸ்ஸி. மாணவி, திருநெல்வேலி)

பதில்: எண்ணுங்கள். வெங்காயத்தின் மைட்டாசிஸ் மெட்டாஃபேஸில் 16 தனித்தனி ஆட்கள். மியாசிஸின் முதல் மெட்டாஃபேஸில் 8 ஜோடிகள். ஒத்த குரோமோசோம்கள் கைகோத்து நிற்கும், சில ஜோடிகள் வளையமாகவும் சில கோலாகவும் தெரியும். கைகோத்த இடங்கள்தான் கயாஸ்மா. முதல் அனாஃபேஸில் குரோமாட்டிட்கள் பிரியாமல் ஜோடிகள் மட்டும் பிரிவதால், முனைக்குப் போகும் ஒவ்வொன்றும் இரட்டைக் கைகளோடு தடித்துத் தெரியும். இரண்டாம் மெட்டாஃபேஸில் செல்லே சிறியது, தனியாகவும் இருக்காது. பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு சகோதர செல் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

வேர் நுனியில் மியாசிஸைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். இளம் பூமொட்டின் மகரந்தப் பைதான் இடம். மொட்டைப் பிரித்ததும் மஞ்சள் பொடி வந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதே கொத்தில் அதைவிடச் சின்ன மொட்டுக்குப் போங்கள். வீட்டு வாசலில் வரப்பாக வைக்கும் ரியோ செடி இருக்கிறதே, இலையின் மேல்புறம் பச்சை, அடிப்புறம் ஊதா, அதன் மொட்டில் ஒரு அதிசயம் காத்திருக்கிறது. குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொண்டதன் விளைவாக, 12 குரோமோசோம்களும் நுனியோடு நுனி கோத்து ஒரே வளையமாக நிற்கும், சில செல்களில் சங்கிலியாக. பார்க்காமல் படிப்பை முடிக்காதீர்கள்.

கேள்வி: பெண் குழந்தை பிறக்கும் முன்பே அதன் முட்டை செல்கள் பிரியத் தொடங்கிவிடும் என்று படித்தேன். நம்பவே முடியவில்லை. (இரண்டு பெண்களின் தாய், சென்னை)

பதில்: நம்புங்கள். கருவிலிருக்கும்போதே முட்டை செல்கள் மியாசிஸைத் தொடங்கி, முதல் புரோஃபேஸின் டிப்ளோட்டீன் கட்டத்தில் நின்றுவிடுகின்றன. பருவமடைந்த பின், மாதந்தோறும் முட்டை வெளிப்படும் நேரத்தில் மறுபடி நகர்ந்து, இரண்டாம் மெட்டாஃபேஸில் மீண்டும் நிற்கின்றன. விந்தணு நுழைந்தால்தான் பிரிதல் முடியும். ஆக ஒரு முட்டை செல் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் ஒரே புரோஃபேஸில் காத்திருக்கலாம். வெங்காய வேரில் சில மணி நேரத்தில் முடியும் நிலை அது.

இந்த நீண்ட காத்திருப்பில், குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதங்கள் மெல்லத் தளர்கின்றன. தாயின் வயது கூடும்போது 21-ஆம் குரோமோசோம் மூன்றாக வரும் டவுன் நோய்க்குறிக்கான வாய்ப்பு கூடுவதற்கு இது முக்கியக் காரணம். ஆனால் இளம் தாய்மார்களுக்கும் அது நேர்கிறது. எந்தத் தாயும் எதையோ செய்ததாலோ செய்யாததாலோ வருவதல்ல. இதை வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவின் பயாப்ஸி அறிக்கையில் ‘மைட்டாடிக் கவுன்ட்’ என்று ஒரு எண் இருக்கிறது. அது நோயின் தீவிரமா? (இளைஞர், சேலம்)

பதில்: நோய்க்கூறு மருத்துவர் நுண்ணோக்கியில் குறிப்பிட்ட பரப்புக்குள் பிரிந்துகொண்டிருக்கும் செல்களை எண்ணியிருக்கிறார். கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதற்கு அது ஒரு குறிப்பு. ஆனால் அந்த எண் தனியாக எதையும் தீர்மானிப்பதில்லை. கட்டியின் வகை, அளவு, பரவல் எல்லாம் சேர்ந்தே முடிவாகும். அறிக்கையை எடுத்துக்கொண்டு சிகிச்சை தரும் மருத்துவரிடமே உட்கார்ந்து கேளுங்கள், இணையத்தில் தேடி இரவைக் கழிக்காதீர்கள்.

எண்ணுவது எளிய வேலையல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். செத்துக்கொண்டிருக்கும் செல்லின் நியூக்ளியஸும் கருத்துச் சுருங்கி, பிரியும் செல்லாகக் கண்ணை ஏமாற்றும். அதன் விளிம்பு வழவழப்பாக இருக்கும். உண்மையில் பிரியும் செல்லில் குரோமோசோம் கைகள் நீட்டிக்கொண்டிருப்பதால் விளிம்பு சிலும்பலாக இருக்கும், நியூக்ளியஸ் கரை இருக்காது. நம் முதல் கேள்விதான் அங்கும் பயன்படுகிறது. சில புற்றுச் செல்களில் குரோமோசோம்கள் இரண்டுக்குப் பதில் மூன்று திசைகளில் இழுபடுவதையும் பார்க்கலாம்.

சிகிச்சையும் இதே இடத்தில்தான் கை வைக்கிறது. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின், கதிர்கோல் இழைகள் உருவாவதைத் தடுத்துப் புற்றுச் செல்லை நடுவழியில் நிறுத்துகிறது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கான மருந்துகளில் அது முக்கியமானது. செடியை வீட்டில் அரைத்துக் குடித்தால் அந்தப் பலன் கிடைக்காது, ஆபத்துதான் கிடைக்கும்.

கேள்வி: தாவர செல், விலங்கு செல். ஒரே வரியில் வித்தியாசம்? (பத்தாம் வகுப்பு மாணவி, புதுச்சேரி)

பதில்: டீலோஃபேஸைப் பாருங்கள்: விலங்கு செல் வெளியிலிருந்து உள்நோக்கி இடுப்பு சிறுத்துப் பிரியும், தாவர செல் நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுவர் எழுப்பிப் பிரியும்.

கேள்வி: உங்களுக்குப் பிடித்த நிலை எது? (வாசகர், காரைக்குடி)

பதில்: புரோமெட்டாஃபேஸ். தேர்வில் யாரும் கேட்காத நிலை. நியூக்ளியஸின் கரை கரைந்ததும் கதிர்கோல் இழைகள் நாலாபுறமும் நீண்டு குரோமோசோம்களைத் தேடுகின்றன. ஒன்றைத் தவறாகப் பிடித்தால் விட்டுவிட்டு மறுபடி பிடிக்கின்றன. எல்லாம் பிடிபட்டு ஒன்று மட்டும் மிச்சமிருந்தாலும் செல் அனாஃபேஸைத் தொடங்காது. அந்த ஒற்றைக் குரோமோசோம், இழை கோக்கும் வரை மொத்தச் செல்லையும் நிறுத்திவைக்கும். அவசரப்பட்டால் மகள் செல்களில் ஒன்றுக்குக் கூடும், மற்றதற்குக் குறையும். இவ்வளவு பொறுப்பு ஒரு நுண்ணிய செல்லுக்குள் இருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கிறது.

கேள்வி: ஒரே செல்லைப் பார்த்து நான் ‘பிந்தைய அனாஃபேஸ்’ என்றேன், சக ஆசிரியர் ‘டீலோஃபேஸ்’ என்றார். யார் சொன்னது சரி? (முதுநிலை ஆசிரியர், புதுக்கோட்டை)

பதில்: இருவரும் காரணம் சொல்லியிருந்தால் இருவரும் சரி. செல் நான்கு படங்களாகப் பிரிவதில்லை, இடைவிடாமல் பிரிகிறது. அதில் கோடு கிழித்தது நாம். கூர்மையான எல்லை என்று ஒன்று உண்டென்றால் அது அனாஃபேஸின் தொடக்கம் மட்டுமே. குரோமாட்டிட்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் விலகுகின்றன. மற்ற எல்லைகள் எல்லாம் மெல்லக் கடப்பவை. எந்த ஸ்லைடிலும் எல்லையில் நிற்கும் செல்கள் இருக்கத்தான் செய்யும்.

எனவே செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போடும் ஆசிரியர்கள் எல்லோருக்கும் என் வேண்டுகோள் இது. மாணவர் நிலையின் பெயரைச் சொன்னதும் அடுத்த ஆளைக் கூப்பிடாதீர்கள். ‘எதை வைத்துச் சொல்கிறாய்?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். பெயருக்குப் பாதி மதிப்பெண், காரணத்துக்குப் பாதி மதிப்பெண் கொடுங்கள்.